ஐந்து பேர் போதும்

நெடுந்தூர ஓட்டக் குழுவுக்கு ஆள் நிறைய வேண்டும் என்கிறார்கள். எனக்கு ஐந்து பேர் போதும், வேகம் மட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஊரும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டை கவிநாட்டில் பயிற்சியாளர் லோகநாதனிடம் வளர்ந்தவர்கள்தான் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் சூர்யாவும் லட்சுமணனும். 2016 தெற்காசியப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் சூர்யாவுக்குத் தங்கம். மறு ஆண்டு புவனேசுவரத்தில், ஆசியத் தடகளத்தில் லட்சுமணனுக்கும் அதே இரட்டைத் தங்கம். பெருநகரம் எதற்கு, சொல்லுங்கள்!

நான் பயிற்சி தரும் தாம்பரத்தில் எங்களைப் படுத்துவது புழுக்கம். வியர்வை உலராவிட்டால் உடம்புச் சூடு தணியாது. அதனால் விடியுமுன்பே வண்டலூர்–கேளம்பாக்கம் சாலைக்குப் போய்விடுவோம். வாரத்தில் இரண்டு நாள்தான் கடும் ஓட்டம். மற்ற நாளெல்லாம் பேசிக்கொண்டே ஓடும் வேகம். பையன்களை மெதுவாக ஓட வைக்கத்தான் தொண்டை வறளக் கத்துகிறேன். பிறகு இட்லிக்கடை, அந்தக் கணக்கு என் தலையில்.