இரண்டு இன்ச் கான்கிரீட்

திருவல்லிக்கேணியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் கூடத்தில் எப்போதும் சுண்ணாம்புத் தூள் உதிரும். காலையில் பாயை உதறினால் வெள்ளையாகப் புகை எழும். வீட்டுக்காரர் ஒரு கான்ட்ராக்டரை அழைத்து வந்தார். அவர் மாடிக்குப் போனார், குதிகாலால் நாலு இடத்தில் தட்டினார். “மேலே ரெண்டு இன்ச் கான்கிரீட் போட்டுடலாம் சார், பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை” என்றார். போட்டார்கள். அந்த ஐப்பசியில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அதற்கடுத்த வருஷம், சமையலறைக்கு மேலிருந்த தேக்குக் கட்டை சுவரோரம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

நூறு சதுர அடியில் இரண்டு இன்ச் கனத்துக்குக் கான்கிரீட் போட்டால் அதன் எடை ஏறக்குறைய 1,100 கிலோ. ஒரு சிறு காரைத் தூக்கி மொட்டை மாடியில் நிரந்தரமாக நிறுத்தியது போல. கான்ட்ராக்டர் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ‘மெட்ராஸ் டெரஸ்’. சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் தோய்த்து, மூலைவாட்டில் செங்குத்தாக நிறுத்திக் கட்டுவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு. இந்தத் தளம் தண்ணீரை அடியோடு தடுப்பதில்லை. கொஞ்சம் குடிக்கும், வெயில் வந்தால் அதை வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசி மூடினால், உள்ளே போன ஈரத்துக்குத் திரும்பும் வழி அடைபட்டுப்போகிறது. அது கீழே இறங்கி, கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் போய்த் தங்குகிறது. காற்றே புகாத அந்த முனைதான் முதலில் இற்றுப்போகும். நடுக்கட்டை கல் மாதிரி இருக்கும், முனை மட்டும் பொடியாகியிருக்கும்.

ஆகவே மாடிக்கு ஏறுமுன் கூடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். கட்டை சுவரைத் தொடும் இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். மரத்துக்குள் இறங்கினால் ஆபத்து. சுவருக்குச் சுவர் நூல் பிடித்தால் தொய்வு தெரிந்துவிடும். கரையான் மண், சுவரோர விரிசல், மழைக்காலத்தில் திடீரென்று இறுகிக்கொள்ளும் கதவு, எல்லாமே சேதிதான். பிறகு மாடிக்குப் போங்கள். தூம்புவாய் அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி எந்தக் கட்டைக்கு மேல் இருக்கிறது என்று பாருங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன். அதைத் தூணோ சுவரோ தாங்கும் இடத்துக்கு மாற்றுவதுதான் பல வீடுகளில் மலிவான முதல் வைத்தியம்.

முனை இற்றிருந்தால் முட்டுக் கொடுத்து, அந்தக் கட்டையை மட்டும் மாற்றலாம், அல்லது பக்கத்தில் இரும்பு கர்டர் செருகலாம். மேல்தளத்தைப் பெயர்த்து, வாட்டம் சரிசெய்து, சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் மறுபடி போடலாம். வேலை தெரிந்த மேஸ்திரிகள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மை, தேட வேண்டும். மொத்தக் கூரையையும் எடுத்துவிட்டு கான்கிரீட் தளம் போடுவதானால், சுண்ணாம்பில் கட்டிய பழைய சுவர் அதைத் தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவர் எழுத்தில் சொல்ல வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எழுபது, எண்பதுகளில் கட்டிய கான்கிரீட் வீடுகளின் வியாதி வேறு. கடற்காற்றின் உப்பில் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், காரை பெயர்ந்து விழும். விழுந்த இடத்தில் சிமெண்டை அப்பி வெள்ளையடித்தால் அடுத்த வருஷம் அதே இடம் இன்னும் பெரிதாக விழும். கம்பியைச் சுற்றிலும் கொத்தி, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே பூச வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டைக் கழற்றுகிறவர்கள் அதை உடைக்கவோ அறுக்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து, முழுசாக இறக்குங்கள். அதன் நார்த்தூசி எந்த வகையாக இருந்தாலும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது.

சரி, செலவு யாருடையது? தமிழ்நாட்டின் 2017-ஆம் வருட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. கட்டமைப்பு சார்ந்த பழுது, அதாவது கூரையும் சுவரும், வாடகைதாரர் கெடுத்ததாக இல்லாதவரை வீட்டு உரிமையாளர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உரிமையாளர் மறுத்தால், வாடகைதாரர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கச் சட்டம் வழி தருகிறது. ஆனால் வாய்வார்த்தையில் கேட்டுவிட்டு கழிக்காதீர்கள். பதிவுத் தபாலில் கடிதம், தேதியோடு புகைப்படம், இன்ஜினீயர் அறிக்கை, பில் எல்லாம் வேண்டும். தகராறு வந்தால் வாடகை அதிகாரியிடம் போகலாம். அங்கே பதிவு செய்த எழுத்து ஒப்பந்தம்தான் பேசும். முப்பது வருஷமாகப் பேச்சுவாக்கில் குடியிருக்கிற திருவல்லிக்கேணி மாமிகளுக்கு இது கசப்பான செய்தி. “ரிப்பேர் பண்ணணும், மூணு மாசம் காலி பண்ணிக்கோங்க” என்று கேட்டால், திரும்பி வருவதை எழுதி வாங்காமல் பெட்டியைக் கட்டாதீர்கள். மனை கோவிலுடையது, கட்டடம் நம்முடையது என்ற நிலையில் இருப்பவர்கள் கோவில் செயல் அலுவலரின் எழுத்து அனுமதியோடு வேலை தொடங்குவது நல்லது.

அடுக்குமாடிகளில் மேல்மாடிக்காரர் மட்டும் ஒழுகலோடு மாரடிப்பது வழக்கம். மொட்டை மாடி பொதுப்பகுதி என்றால் அதன் பழுதும் பொதுச் செலவு. ‘என் வீட்டில் ஒழுகவில்லையே’ என்பது பதிலாகாது. கட்டடமே இற்றுப்போனால், 2022-ஆம் வருட அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம்.

தெருப் பக்கம் காரை விழுந்து ஒருவருக்குக் காயம் பட்டால், ‘பழைய வீடு சார்’ என்று உரிமையாளர் தப்பிக்க முடியாது, நஷ்டஈடு கேட்கலாம். இடிக்கும்போதும் பழுது பார்க்கும்போதும் அஜாக்கிரதையாக இருப்பதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 290-ஆம் பிரிவில் குற்றம். பக்கத்து வீடு சாய்கிறது என்றால் சென்னை மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லுங்கள். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு வாரியக் கட்டடம் ஒன்று சரிந்தது. விரிசலைக் கவனித்து ஆட்களை முன்கூட்டியே வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை.

கான்ட்ராக்டரிடம் வருவோம். பத்து வருஷ கியாரண்டி என்றால் அதை லெட்டர்பேடில் எழுதச் சொல்லுங்கள். என்ன பொருள், எத்தனை இன்ச், எத்தனை சதுர அடி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று இருக்கட்டும். கடைசித் தவணையை ஒரு மழை பார்த்த பிறகு தருவதாகப் பேசுங்கள். முகம் சுளித்தால் அதுவே ஒரு பதில். வேலைக்கு வருகிறவர்களிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள், விழுந்தால் அவர்கள் குடும்பம்தான் தெருவில் நிற்கும். வேலை மோசமானால் 1915-இல் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரர் போகவில்லை. பில் இல்லை, கியாரண்டி வாயோடு போனது. மாசியில் புது மேஸ்திரி வந்து, முதல் ஐந்து நாள் அந்த இரண்டு இன்ச் கான்கிரீட்டைக் கொத்தி எடுப்பதிலேயே செலவழித்தார். மூட்டை மூட்டையாகக் கீழே இறக்கினார்கள். அதற்கும் கூலி நாங்கள்தான் கொடுத்தோம், வீட்டுக்காரரோடு பாதிப் பாதி.