இம்பீச்மெண்ட் என்னும் சொல்

'இம்பீச்மெண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் யாது என்று நான் வகுப்பில் வினவிய போதெல்லாம், 'பதவி நீக்கம்' என்ற விடையே கிடைத்து வந்தது. செய்தித்தாள்கள் பலவும் அவ்வாறே எழுதுகின்றன. ஆயினும் அச்சொல்லின் வரலாற்றை ஆராய்ந்தால், உண்மைப் பொருள் வேறு என்பது புலனாகும்.

லத்தீன் மொழியில் 'பெடிகா' என்பது காலில் இடும் தளை. அதனின்று பிறந்த 'இம்பெடிகாரே' என்னும் வினை, தளையிட்டுத் தடுத்தலைக் குறிக்கும். அது பழைய பிரெஞ்சு மொழியின் வழியே ஆங்கிலத்துள் புகுந்து, நாளடைவில் 'குற்றம் சாட்டுதல்' என்னும் பொருளைப் பெற்றது.

1376-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் காமன்ஸ் சபையினர் லாட்டிமர் பிரபுவின்மீது குற்றம் சாட்டினர். பிரபுக்கள் சபையினர் விசாரித்தனர். மன்னனைத் தட்டிக் கேட்க இயலாத காலத்தில், அவனுடைய அதிகாரிகளையேனும் கேள்வி கேட்பதற்கு இம்முறை வழிகோலியது.

நம் நாட்டோடு தொடர்புடைய வழக்கு ஒன்றும் உண்டு. கவர்னர் ஜெனரலாயிருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் 1785-இல் பதவியை விட்டுத் தாயகம் திரும்பினார். 1788-இல் அவர்மீது விசாரணை தொடங்கிற்று. எட்மண்டு பர்க் முன்னின்று குற்றங்களை எடுத்துரைத்தார். 1795-இல் ஹேஸ்டிங்ஸ் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. விசாரணைக் காலத்தில் அவரிடம் நீக்குவதற்குரிய பதவியே இல்லை என்பதைக் கருதிப் பாருங்கள்.

அமெரிக்காவில் 1868-இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன்மீது பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டியது. செனட் சபையில் அவருக்கு எதிராக 35 வாக்குகளும் சார்பாக 19 வாக்குகளும் விழுந்தன. மூன்றில் இரு பங்கிற்கு ஒரு வாக்குக் குறைந்தமையால் அவர் பதவியில் நீடித்தார்.

இந்திய அரசியல் சட்டத்தின் 61-ஆம் பிரிவும் இந்நெறியையே தழுவுகிறது. அரசியல் சட்டத்தை மீறினார் என்று குடியரசுத் தலைவர்மீது ஓர் அவை குற்றம் சாட்டினால், மற்றோர் அவை விசாரிக்க வேண்டும். ஈரவைகளிலும் மொத்த உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினருக்குக் குறையாதோர் ஆதரித்தாலன்றி அவரை நீக்க இயலாது.

இவ்வேற்பாட்டின் கருத்து யாது? எத்துணை உயர்ந்த பதவியினரும் கேள்விக்கு உட்பட்டவரே. ஆனால், குற்றம் சாட்டுபவரே தீர்ப்பும் கூறிவிடலாகாது. 'இம்பீச்மெண்ட்' என்றாலே பதவி நீக்கம் என்று கொண்டால், குற்றச்சாட்டையே தீர்ப்பாகக் கருதும் பழக்கம் நம்முள் வேரூன்றிவிடும். நாளை வாக்காளராகவும் நீதிபதியாகவும் விளங்கப்போகும் நீங்கள் இவ்வேறுபாட்டை இன்றே தெளிவாக உணர்ந்துகொள்வது நலம்.