புற்றுநோய் குணமானபின் இருதயத்தைக் கவனித்தீர்களா?

- நமது டில்லி நிருபர்

ரயில் முன்பதிவு கவுண்ட்டரில் புற்றுநோய் சலுகைச் சான்றிதழை நீட்டுபவர்கள் பெரும்பாலும் வாடிய முகத்துடன்தான் வருவார்கள். ஒரு நாள் வந்தவரோ வாட்டசாட்டமான இளைஞர். கூடவே தந்தை. சென்னைக்கு இரண்டு டிக்கெட்.

"யாருக்கு சார் உடம்பு சரியில்லை?" என்றேன்.

"இவனுக்குத்தான். ஏழு வயசிலே ரத்தப் புற்றுநோய். பத்து வயசிலே குணமாயிட்டுது. இப்போ இருபத்துமூணு. இருதயத்தைப் பரிசோதிக்கப் போறோம்" என்றார் தந்தை. பிறகு குரலைத் தாழ்த்தி, "போன வருஷம் மாடிப்படி ஏறினப்போ இவனுக்கு மூச்சு வாங்கித்து. அதுக்கப்புறம்தான் சின்ன வயசு வியாதியை இவனிடம் சொன்னோம். நாளைக்குக் கல்யாணப் பேச்சு வருமே என்று மறைச்சு வெச்சிருந்தோம்" என்றார்.

குணமான நோய்க்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

காப்பாற்றிய மருந்தே காரணம்

ரத்தப் புற்றுநோய், நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய், எலும்புப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு டாக்ஸோரூபிசின், டானோரூபிசின் என்னும் செந்நிற மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. இவை புற்றுநோய் அணுக்களை அழிக்கும்போது இருதயத் தசையின் அணுக்களையும் ஓரளவு தாக்கக்கூடும். இழந்த தசை அணுக்கள் மீண்டும் வளர்வது மிக அரிது. குழந்தை வளர வளர, பெரிய உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை மிச்சமிருக்கும் தசையே இறைத்தாக வேண்டும். எனவே பாதிப்பு பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். மார்பில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு இருதய ரத்தக் குழாய்களும் வால்வுகளும் கெடலாம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970 முதல் 1986 வரை சிறு வயதில் புற்றுநோய் கண்டு பிழைத்த 14 ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2009ல் முடிவு வெளியிட்டார்கள். உடன்பிறந்தவர்களைவிட இவர்களுக்கு இருதயம் பலவீனமடையும் அபாயம் ஏறக்குறைய ஆறு மடங்கு என்று தெரிந்தது.

இதைப் படித்துப் பீதியடைய வேண்டாம். பெரும்பாலோரின் இருதயம் நன்றாகவே இருக்கிறது. மருந்தையும் குறை சொல்வதற்கில்லை. அது இல்லாவிட்டால் பிள்ளையே இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இராது. 'எக்கோ' பரிசோதனைதான் காட்டிக் கொடுக்கும். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ டாக்ஸோரூபிசின் பெற்றவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எக்கோ எடுப்பது நல்லது என்பது மருத்துவ வல்லுநர்கள் கருத்து. குறைவாகப் பெற்றவர்களுக்கு எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்பதை டாக்டர் சொல்வார். பெண்கள் கருத்தரிக்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். பிரசவ காலத்தில் இருதயத்துக்கு வேலை அதிகம். சிகரெட் கூடவே கூடாது. ரத்த அழுத்தத்தையும் எடையையும் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

எந்த மருந்து, எவ்வளவு என்பது பழைய ஆஸ்பத்திரி பைலில் இருக்கும். அது ஊரில் டிரங்குப் பெட்டியில் கிடந்தால், டில்லியில் பிள்ளையைப் பார்க்கும் டாக்டருக்கு எப்படித் தெரியும்? குணமானவர்களைத் தொடர்ந்து கவனிப்பதற்கென்றே பம்பாய் டாடா நினைவு ஆஸ்பத்திரியில் 1991லேயே தனிப் பிரிவு தொடங்கினார்கள். சிகிச்சை பெற்றது சென்னை அடையாறு ஆனாலும் டில்லி எய்ம்ஸ் ஆனாலும், சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது அவசியம்.

ரயில் சலுகை

சலுகை சிகிச்சைக்குப் போக மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை செய்யும் பரிசோதனைக்கும் உண்டு. ஆஸ்பத்திரியின் சான்றிதழ் இருந்தால், ஸ்லீப்பர் வகுப்பிலும் ஏ.சி. மூன்றடுக்கிலும் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்குச் செல்பவருக்கு 75 சதவீதம்.

டிக்கெட்டை வாங்கிய தந்தை, பழுப்பேறிய பைலை மகன் கையில் கொடுத்து, "இனிமே நீயே வெச்சுக்கோ" என்றார். வீட்டில் அப்படி ஒரு பைல் இருக்கும் பெற்றோர்கள் அதையே செய்யலாம்.