பல்லுக்கு "கேப்": கடைவாய்க்கு உலோகமே போதும்!

ஆழ்வார்திருநகரி,
உறங்காப்புளி நிற்கும் ஊர் ஆழ்வார்திருநகரி. பல்வலி வந்தவருக்கும் அங்கே உறக்கம் கிடையாது! விடிந்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நெல்லைக்கு ரெயில் ஏற வேண்டியதுதான்.

வேர் சிகிச்சை முடிகிறது. வலி பறக்கிறது. "அடுத்து கேப் போடணும்" என்கிறார் டாக்டர்.

"வலிதான் போயிட்டுல்லா... இனி கேப் எதுக்கு டாக்டரம்மா?"

பல் டாக்டர்கள் கேட்டுக் கேட்டுப் புளித்த கேள்வி இது. வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல், உள்ளே குடைந்த பல். பாதியைச் சொத்தையே தின்றிருக்கும். மூடி இல்லாமல் முறுக்கைக் கடித்தால் வேர் வரை பிளந்துபோகலாம். அப்புறம் பிடுங்க வேண்டியதுதான். சிகிச்சைக்குக் கொடுத்த பணமும் போச்சு!

எந்த கேப்?

விலைதான் ஆளை மலைக்க வைக்கிறது. முழு உலோக கேப் சுமார் 2 ஆயிரம், 3 ஆயிரம் ரூபாய். உள்ளே உலோகம், வெளியே பீங்கான் என்றால் 3 முதல் 6 ஆயிரம். "சிர்கோனியா" என்றால் 8 ஆயிரத்தில் இருந்து 15 ஆயிரம் வரைகூடப் போகும். ஊருக்கு ஊர், டாக்டருக்கு டாக்டர் இது மாறும்.

உலோகம் மட்டம், சிர்கோனியா உசத்தி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உலோக கேப்புக்குப் பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும். அது சிதறாது. கடைசிப் பல்லில் போட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் மலிவு உலோகத்தில் நிக்கல் கலந்திருக்கும். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்கள் இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பீங்கான் பூசியது பார்க்க நன்றாக இருக்கும். நாளாவட்டத்தில் பீங்கான் சில்லு பெயரலாம். ஈறு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக்கோடு தெரியும். முன்பல்லில் அது அசிங்கம்தான்.

கடல் மணல்!

சிர்கோனியாவின் மூலப்பொருள் சிர்கான். அது நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலும் இருக்கிறது! 1789-ல் கிளாப்ராத் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, இலங்கையில் கிடைத்த சிர்கான் கல்லில் இருந்துதான் சிர்கோனியாவைப் பிரித்தார். இப்போது அந்தப் பொடியை வட்டாக அழுத்தி, எந்திரத்தில் பல்போலக் கடைந்து, 1,500 டிகிரி வரை சூளையில் வேக வைக்கிறார்கள். வேகும்போது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் முதலிலேயே பெரிதாகக் கடைகிறார்கள். வெள்ளையும் உண்டு, உறுதியும் உண்டு. காசும் அதற்குத்தான்.

ஒருகாலத்தில் தங்கப்பல் கட்டினால் மவுசு. எதிர்ப் பல்லைத் தேய்க்காத நல்ல உலோகம் அது. இன்றைய தங்க விலையில் யார் வாய் திறப்பார்கள்?

கேட்டுவிடுங்கள்

சொன்ன தொகை வேர் சிகிச்சையும் சேர்த்தா, கேப்புக்கு மட்டுமா? என்ன பொருள் என்று பில்லில் எழுதித் தருவார்களா? சிர்கோனியா என்றால் உத்தரவாத அட்டை உண்டா? வாய் கூசாமல் கேட்கலாம். அந்த அட்டை கேப்புக்குத்தான், உள்ளே இருக்கும் பல்லுக்கு அல்ல.

கையில் காசு குறைவு என்றால் பல் மருத்துவக் கல்லூரியை நாடலாம். காவல்கிணறு பக்கம் ஒன்று இருக்கிறது. பொதுவாகக் கல்லூரிகளில் செலவு குறையும், ஆனால் நாலு நடை கூடுதலாக நடக்க வேண்டி வரும்.

போட்ட கேப் கழன்று விழுந்தால் கடைப் பசை வைத்து ஒட்டக் கூடாது. தாளில் மடித்து டாக்டரிடம் கொண்டுபோனால், பெரும்பாலும் அதையே திரும்பப் பொருத்திவிடலாம்.