விறகுப்பெரையில் கிடந்த சைக்கிள்



இடது முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். போன வாரம் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியாயிற்று. பேத்தி எடுத்தவள். பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் தெருவில் இப்போது இதுதான் பேச்சு. "ஐயோ, வலிக்குதா?" என்று கேட்டவர்கள் இரண்டு பேர். "இந்த வயசுல ஒனக்கு இது தேவையாக்கும்?" என்று கேட்டவர்களை எண்ணி முடியாது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இதே மாதிரிப் பேச்சை நானும் ஒரு காலத்தில் பேசியிருக்கிறேன், அதுவும் பெற்ற மகளிடம்! அதை எழுதாமல் இந்தக் கட்டைப் பிரிக்கக் கூடாது என்று தோன்றியது.

சின்ன வயதில் எனக்குச் சைக்கிள் நன்றாக வரும். 1983-ம் வருஷம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும், அப்பாவின் பெரிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் கால்வாய்க் கரையில் தனியாகப் பழகினேன். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல்தான். பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் கும்பப்பூ அறுத்த வயல். நான் எப்போதும் வயல் பக்கம் பார்த்தே விழுவேன். தாள் குத்திக் காலெல்லாம் கீறல். பத்து நாள்தான்! பதினோராம் நாள் கடைக்குப் போய் உப்பு வாங்கி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் பொட்டலத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டு முற்றத்தில் வந்து இறங்கினேன்.

அடுத்த வருஷம் பெரியவளானேன். ஆச்சி ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, யாரிடமோ சொல்வதுபோல உரக்கச் சொன்னாள்: "வயசுக்கு வந்த பிள்ள கால அகட்டிக்கிட்டு ரோட்டுல போனா, எவன் வந்து கெட்டுவான்?" அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து சைக்கிள் பூட்டியிருந்தது. அவ்வளவுதான். அடியுமில்லை, திட்டுமில்லை. கர்ப்பப்பை இறங்கிவிடும், பிள்ளை தங்காது என்றெல்லாம் பெரியவர்கள் அப்போது சொல்லும் காரணங்களை நானும் நம்பிவிட்டேன். (தலையில் நெல்மூட்டை சுமந்து களத்துக்கும் வீட்டுக்கும் நடந்த பெண்களின் கர்ப்பப்பையைப் பற்றி ஏனோ யாரும் கவலைப்பட்டதில்லை.)

1990-ல் கல்யாணம். என் வீட்டுக்காரருக்குப் புதுக்கோட்டைக்கு மாற்றல். நாஞ்சில் நாட்டுப் பச்சையையே பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் செம்மண்ணும் வெயிலும் முதலில் பிடிக்கவேயில்லை. ஆனால் அங்கே என்ன நடந்தது தெரியுமா தோழிகளே? 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கும் பெண்கள் பஸ் போகாத கிராமங்களுக்கெல்லாம் போயாக வேண்டும். எப்படிப் போவது? அதனால் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். கல்குவாரியில் வேலை செய்யும் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம நர்ஸ்கள், டீச்சர்கள், வயல்வேலைக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் பழகினார்கள். சைக்கிள் வாங்க பாங்க் கடனுக்கு ஏற்பாடு செய்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும், 'ஜென்ட்ஸ் சைக்கிளானால் என்ன, முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே' என்று அதையே வாங்கி ஓட்டினார்கள்!

எங்களுக்குப் பால் ஊற்றிய அம்மாவும் பழகினாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஒரு நாள் காலை சைக்கிளில் வந்து இறங்கி, "நீங்களும் வாங்கம்மா, ரொம்பச் சுளுவு" என்று கூப்பிட்டாள். 'எனக்கு ஏற்கனவே தெரியும்' என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. "எங்க ஊர்ல இதெல்லாம் பழக்கம் கிடையாது" என்றேன். என்ன ஒரு பெருமை எனக்கு!

1992 மார்ச் 8, மகளிர் தினம். 1500-க்கும் மேற்பட்ட பெண்கள், ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் ஊர்வலமாக வந்தார்கள். நான் வாசல்படியில் நின்று பார்த்தேன். அத்தனை பெல் சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. மணி சத்தம் தேய்ந்து போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு உள்ளே போய் உலை வைத்தேன்.

அதன் முழுக் கணக்கு எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் போய்ப் பார்த்து எழுதியதை 1996-ல் வந்த புத்தகத்தில் சேர்த்திருக்கிறார். பதின்மூன்று லட்சம் பேருக்குச் சற்று மேல் இருந்த அந்த மாவட்டத்தில், ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் பழகினார்களாம். அதில் 70,000 பேர் பொது இடத்தில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். அவர்களை யாரும் ஏசவில்லை என்று நினைக்காதீர்கள். முதலில் ஓட்டியவர்கள் நடத்தையையே கேவலமாகப் பேசியிருக்கிறார்கள். ஆனால் ஒருத்தி ஓட்டினால்தானே அவள் பெயர் கெடும்? ஊரே ஓட்டினால் யார் பெயரைச் சொல்லி ஏசுவது? அதுவும் கலெக்டரே முன்னால் நின்று நடத்தும்போது?

நம் குமரி மாவட்டத்தை நினைத்துப் பார்க்கிறேன். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே நாம்தான் முதல், 91.75 சதவீதம். வீட்டுக்கொரு டீச்சர், நர்ஸ் என்று சொல்லிக்கொள்வோம். ஆனால் பெண் ரோட்டில் எப்படிப் போக வேண்டும் என்பதை மட்டும் மற்றவர்கள்தான் முடிவு செய்வார்கள். தோளில் சீலை போட்டதற்கே பெண்களை அடித்துக் கிழித்த மண்தானே இது. 1859-ல் திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போடும்வரை அந்தக் கலவரம் ஓயவில்லை. அந்த உத்தரவில்கூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்றொரு நிபந்தனை!

இனி என் மகள் கதைக்கு வருகிறேன். 2008-ல் அவள் பிளஸ் ஒன். அரசு கொடுத்த இலவச சைக்கிள் அவளுக்கும் கிடைத்தது. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கி, 2005-க்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்த திட்டம் அது. பள்ளிக்கூடம் நான்கு கிலோமீட்டர். முதல் நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. நான் கேட்டேன்: "ஏட்டி, ஒனக்கு இது தேவையாக்கும்? பஸ்ல நாலு பேரோட பத்திரமா போயிட்டு வா." தனியாக ரோட்டில் போனால் எவனாவது பின்னால் வருவான் என்ற பயம். அதைவிடப் பெரிய பயம், மாமியாரும் தெருவும் என்ன சொல்லும் என்பது. ஆச்சி சொன்ன அதே வாக்கியத்தை, கொஞ்சம் நாகரிகமாக நான் சொல்லியிருக்கிறேன். சைக்கிளைக் கொழுந்தன் மகன் எடுத்துக்கொண்டு கிரிக்கெட் விளையாடப் போனான். பிறகு அது விறகுப்பெரைக்குள் போய்ச் சேர்ந்தது.

மகள் அழவில்லை. சாயங்காலக் கணக்கு டியூஷனை மட்டும் அந்த வருஷமே நிறுத்திவிட்டாள். "பஸ் கிடைக்கல" என்றாள். மார்க் குறைந்தது. ஆசைப்பட்ட படிப்பு கிடைக்காமல் வேறொன்று படித்தாள். இப்போது நாகர்கோவிலில் குடும்பமும் வேலையுமாக நன்றாகத்தான் இருக்கிறாள்.

போன மே மாதம் லீவுக்கு வந்திருந்தபோது, எட்டு வயதுப் பேத்தி சைக்கிள் வேண்டும் என்று அடம் பிடித்தாள். "பொம்பளப் பிள்ளைக்கு அவசரம் என்ன, பைய வாங்கலாம்" என்று நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், திரும்பாமலேயே சொன்னாள்:

"அம்மா, பஸ்ல நான் ரெண்டு வருஷம் பட்டது ஒனக்குத் தெரியாது. டெய்லி ஒருத்தன். இடுப்புல கை வைப்பான். சாயங்காலம் கூட்டத்துல இன்னும் மோசம். அதுக்குத்தான் டியூஷன நிறுத்தினேன். ஒண்ட்ட சொல்லியிருந்தா, ஸ்கூலுக்கே விட்டிருக்க மாட்ட."

தோழிகளே, எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நாலு பேரோடு பத்திரமாக என்று நான் ஏற்றிவிட்ட பஸ்! அவள் சொன்னதில் எதை மறுப்பது? உண்மையாகவே நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருப்பேன். அன்று ராத்திரி தூக்கமில்லை.

பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்களாம். அதை ஆராய்ந்தவர்கள், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று கண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். மகள்தான் போனில் தேடி வாசித்துக் காட்டினாள். நான்கு கிலோமீட்டர் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் முகம் வாடியதைப் பார்த்து, இன்னொன்றும் வாசித்தாள். நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரச் சீமையில், சைக்கிள் ஓட்டும் பெண்களின் முகமே கோணிப்போகும் என்று டாக்டர்களே பயமுறுத்தினார்களாம்! 1897-ல் கேம்பிரிட்ஜில் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கக் கூடாது என்று கலாட்டா செய்த ஆம்பிளைப் பிள்ளைகள், சைக்கிளில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிற மாதிரி பொம்மை செய்து தெருவில் கட்டித் தொங்கவிட்டார்களாம். அந்தப் பெண்களுக்குப் பட்டம் கிடைக்க 1948 ஆகிவிட்டது. "நம்ம ஆச்சி அங்கயும் இருந்திருக்கா பாத்தியா" என்றாள் மகள். இரண்டு பேரும் சிரித்தோம். கொஞ்சம் அழவும் செய்தோம்.

மறுநாள் விறகைத் தள்ளிவிட்டு அந்தச் சைக்கிளை வெளியே எடுத்தேன். டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் போய்விட்டது. செயின் கவர் உடைந்து தொங்கியது. ஃபிரேம் மட்டும் கெட்டியாக இருந்தது. கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "பேத்திக்கா ஆச்சி?" என்று கேட்டார் கடைக்காரர். "ஆமா" என்று பொய் சொன்னேன். வீட்டில் என் வீட்டுக்காரர், "விழுந்து கையக் கால ஒடிச்சா நான்தான் பாக்கணும்" என்றார். (இப்போது சமையல் அவர்தான். ரசம் நன்றாகவே வைக்கிறார்.)

பேத்திக்கு அவள் அம்மா ஒரு சின்ன சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் கால்வாய்க் கரைக்குப் போவோம். அவள் ஒரு வாரத்தில் பழகிவிட்டாள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் எனக்கு மறக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். ஏறி உட்கார்ந்து இரண்டு மிதி மிதித்ததும் உடம்பு தானாக நிதானித்துக்கொண்டது. சர்க்கரைக்கு நடக்கச் சொன்ன டாக்டரிடம் கேட்டேன், தாராளமாக ஓட்டலாம் என்றார். முழங்காலில் பாரம் விழாததால், நடப்பதைவிட எனக்கு இது லேசாகவே இருக்கிறது. லீவு முடிந்து பேத்தி போன பிறகும், பால் வாங்கவும் காய்கறிக்கும் சைக்கிளில்தான் போய்வந்தேன். டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் முதல் வாரம் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பெண்கள்தான் விடவில்லை. பக்கத்து வீட்டு மைனி நேராகவே கேட்டாள்: "மருமவன் வீட்ல என்ன நெனைப்பாங்க?" ஆனால் நேற்று கட்டைப் பார்க்க வந்தவள், போகும்போது முற்றத்தில் நிறுத்தியிருந்த சைக்கிளின் சீட்டை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் விழுந்தது வயதாலல்ல தோழிகளே. சேலை ஓரம் செயினில் மாட்டியதால்தான். பழைய மாடல் என்பதால் செயின் கவர் கடையில் கிடைக்கவில்லை. இனிமேல் சுடிதாருக்கு மாற எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சேலையோடு சைக்கிள் ஓட்டுகிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், கொசுவத்தை எங்கே செருகுகிறீர்கள், பின் எங்கே குத்துகிறீர்கள் என்று எழுதுங்களேன். கட்டுப் பிரிக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
பூதப்பாண்டி.