ஒரே மூச்சடக்கில் ஒரு சோதனை



எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கல்லீரலின் கடினத்தை அளக்கிறார்களாமே, அது என்ன என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். அந்தக் கருவிக்கென்று காணிக்கையும் அனுப்பியிருந்தீர்கள், ஸ்தோத்திரம்.

நல்ல கல்லீரல் மிருதுவானது. மதுவினாலோ, ஹெபடைடிஸ் கிருமியினாலோ, சர்க்கரை நோயோடு சேர்ந்து வரும் கொழுப்பினாலோ நாள்பட்டுப் புண்பட்டால் தழும்பு ஏறி இறுகுகிறது. முன்பெல்லாம் இதை நிச்சயமாய் அறிய, விலாவினூடே ஊசி செலுத்திச் சதை எடுப்பதே வழி. வலியும் உண்டு, இரத்தக்கசிவு பயமும் உண்டு. எடுக்கும் துண்டோ முழுக் கல்லீரலில் ஏறக்குறைய 50,000-ல் ஒரு பங்கு!

அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் 1995-ல் வேறு வழியை வெளியிட்டார்கள். அக்கட்டுரையின் ஆசிரியர்களில் முதல் பெயர் முத்துப்பிள்ளை என்றிருப்பதைக் காண நமக்குச் சந்தோஷம். இன்று செய்யும் விதம் இது: வலது விலாவின்மேல் தட்டையான ஒரு வட்டை வைத்துக் கட்டுவார்கள். குழாய் வழியே வரும் காற்று அதை விநாடிக்கு 60 தடவை அதிரச் செய்யும். அந்த அதிர்வு மிருதுவான சதையில் மெதுவாகவும், இறுகிய சதையில் வேகமாகவும் ஓடும். ஸ்கேன் அந்த அலையைப் படம்பிடித்து, கடினத்தைக் கிலோபாஸ்கல் கணக்கில் தரும். 2.5-க்குள் என்றால் பொதுவாக நலம். 5-ஐத் தாண்டினால் சிரோசிஸ் என்று சந்தேகிப்பார்கள்.

சிக்கல் மூச்சில்தான். மூச்சோடு கல்லீரலும் அசையும். பழைய முறையில் ஒவ்வொரு படத்துக்கும் மூச்சை வெளியே விட்டு, 15 விநாடி போல் அடக்க வேண்டும்; நாலு படத்துக்கு நாலு தடவை. ஆஸ்துமாவும் பருத்த சரீரமும், போதாததற்குக் காது மந்தமும் உள்ள ஒரு தாயாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! எக்கோ பிளானார் என்னும் வேகமான முறையில் எல்லாப் படங்களையும் ஒரே மூச்சடக்கில் எடுத்துவிடலாம். அடிக்கடி இரத்தம் ஏற்றி, கல்லீரலில் இரும்பு படிந்தவர்களுக்கும் இதுவே அதிகம் பலிக்கிறது.

நம்மிடம் இந்தக் கருவி இல்லை. வாங்கவும் நாங்கள் நினைக்கவில்லை. பெரும்பாலோருக்கு இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் போதும். சந்தேகம் தீராத சிலரைப் பட்டணத்துக்கு அனுப்புகிறோம். ஆனால் இரண்டு பேருக்குப் பஸ் கட்டணம், ஒரு ராத்தங்கல், போன நாள் கூலி இவற்றை எண்ணிப் பலர் போகாமலே வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ஆகையால் கருவிக்கென்று வந்த காணிக்கையை இந்த வழிச்செலவுக்கு மாற்ற விரும்புகிறோம். அனுப்பியவர்கள் தங்கள் சம்மதத்தை ஒரு தபால் அட்டையில் எழுதும்படி வேண்டுகிறோம். சம்மதமில்லையெனில் தொகையைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.