சிங்கூரும் சீறாத ஜாகுவாரும்

கொல்கத்தாவிலிருந்து துர்காப்பூர் விரைவுச் சாலையில் போனால் சிங்கூர். அங்கே முக்கால்வாசி எழும்பியிருந்த நானோ கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறுவதாக, 2008 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் செய்தியாளர்களிடம் அறிவித்தார் ரத்தன் டாடா. அதே ஆண்டு ஜூனில்தான் ஃபோர்டிடமிருந்து ஜாகுவார் லேண்ட்ரோவரை 230 கோடி டாலருக்கு வாங்கியிருந்தார். சிங்கூர்க் கதை வங்காளத்தில் யாருக்கும் தெரியும். அதே முதலாளியின் கையில் கைவிடப்பட்ட ஒரு ஜாகுவார் காரின் கதை அவ்வளவாகப் பேசப்படவில்லை.

2010-ல் பாரிஸ் கார் கண்காட்சியில் சி-எக்ஸ்75 மேடையேறியது. ஜாகுவாரின் 75-வது ஆண்டுக்காக இயன் கேலம் தலைமையில் வடிவமைத்த கார். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி மின் மோட்டார், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற இரண்டு குட்டி கேஸ் டர்பைன். என்னைக் கேட்டால் டர்பைன் கூட்டம் சேர்க்கத்தான் உதவியது. 2011-ல் வில்லியம்ஸ் ஃபார்முலா 1 அணியுடன் கைகோத்து நிஜக் காரைச் செய்ய இறங்கியபோது அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

அதன்பின் செய்ததுதான் உண்மையான வித்தை. வெறும் 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின். டர்போவும் சூப்பர்சார்ஜரும் சேர்ந்து காற்றைத் திணிக்க, நிமிடத்துக்குப் 10,000 சுற்றில் 500 குதிரைத்திறனைத் தொட்டது. இரண்டு மின் மோட்டார்களின் பங்கையும் சேர்த்தால் 850-ஐ நெருங்கியது. நானோவுக்கு 35. (எஞ்சின் பின்பக்கம் என்பதில் மட்டும் இரண்டும் ஒரு சாதி!) மாதிரிக் கார்கள் சோதனைத் தடத்தில் ஓடியும் காட்டின.

2012 டிசம்பரில் திட்டம் நின்றது. உலகப் பொருளாதாரம் சரியில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். 7 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை வைத்து 250 கார் விற்பதைவிட, அப்போது நன்றாகப் போய்க்கொண்டிருந்த லேண்ட்ரோவரின் எவோக் மாதிரியான வண்டிகளில் பணம் போடுவது கணக்குக்குச் சரிதான். ஆனால் அடுத்த ஆண்டே மெக்லாரன் பி1, லாஃபெராரி, போர்ஷே 918 மூன்றும் இதே கலப்பின வழியில் வந்தன. மூன்றும் மிச்சமில்லாமல் விற்றன. பணக்காரர்கள் பணத்தை இறுக்கிப் பிடித்திருந்ததாகத் தெரியவில்லை.

2015-ல் ஸ்பெக்டர் படத்தில் ரோம் வீதிகளில் வில்லன் ஓட்டியது சி-எக்ஸ்75. ஜாகுவாரை விட்டு விலகிய கேலம், அந்தப் படக் கார்களில் ஒன்றைச் சாலைச் சட்டங்களுக்கு ஏற்ப மாற்றி 2024-ல் ஓடவிட்டார். அதில் உறுமுவது சண்டைக் காட்சிக்காகப் பொருத்திய 5 லிட்டர் வி8. அந்த 1.6 லிட்டர் எஞ்சின் அதில் இல்லை.